கடல் தொடாதவன்

கொம்பன்துறைக் கடல் ரொமால்டைத் தொடாமல் விலகிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஊர்க்கூட்டம் முடிந்து ஆட்கள் கோயில் முற்றத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் அதைப் பார்க்காதவர் என்று ஊரில் யாரும் இல்லை, பார்த்தவர்களில் வாயைப் பிளந்தவர்களும் அதிகம் இல்லை, ஏனென்றால் மண்ணை வாரித் தூற்றியவள் பிரகாசி என்பதும், எதற்காகத் தூற்றினாள் என்பதும் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கொம்பன்துறை என்றால் மேற்கே காடும் கிழக்கே கடலும் இடுக்கிப் பிடித்த ஒரு சின்ன ஊர், மலை தன் காலை நீட்டிக் கடலுக்குள் வைத்திருப்பதால் அந்தக் கால் ஓரமாக அலை உடையாமல் நீளமாக உருண்டு வரும், அதைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டிக்கொண்டே வள்ளம் இறக்கியவர்கள் நம் ஆட்கள். அதே அலைக்காகத்தான் சீமையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அமைதியான கடற்கரை, காலையில் அலை, மத்தியானம் காட்டுப்பாதை, அட்டை கடித்தாலும் பரவாயில்லை என்று கல்லருவி வரைக்கும் நடை, சாயங்காலம் வறுத்த நெத்திலி. இவ்வளவையும் ஒரு கயிற்றில் கட்டி விற்கக் கற்றுக்கொண்டவன் ரொமால்ட். பலகை மேல் அவன் நின்றால் அலைக்கும் அவனுக்கும் தாய்மாமன் உறவு என்று சொல்லத் தோன்றும், அவ்வளவு இணக்கம். அவன் வீட்டில் தங்குகிறவர்களுக்குத் துணி துவைத்து, சோறு பொங்கி, காட்டுக்கு வழிகாட்டி, பாதி ஊர் பிழைத்தது.

அந்தக் கரையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கடலில் அகப்பட்டவன் தன் உடுதுணியைத் துடுப்பில் கட்டித் தூக்கிப் பிடித்தால், அதைக் கண்டவன் வலை நிறைய மீன் இருந்தாலும் வலையை அறுத்து விட்டுவிட்டு அங்கே போக வேண்டும். பகையாளியாக இருந்தாலும் போக வேண்டும், பக்கத்து ஊரோடு வெட்டுக்குத்து நடந்த காலத்தில்கூடப் போனார்கள், காப்பாற்றிக் கரையில் இறக்கிவிட்டு அப்புறம்தான் அடித்துக்கொண்டார்கள். தூக்கிய துணியைக் கண்டும் போகாதவன் என்று ஒருத்தன் அந்தக் கரையில் இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

பிரகாசியின் புருஷன் எஸ்தாக்கி ஒரு காலை தனியாகத் தூண்டிலுக்குப் போனவன் திரும்பவில்லை. கவிழ்ந்த வள்ளம் மட்டும் வேறு ஊரில் ஒதுங்கியது. வெளிக்கடல் முழுக்கத் தேடினார்கள், கிடைக்கவில்லை. உடல் கிடைக்காவிட்டால் பெட்டிக்குள் அவன் சட்டையையும் தலையணையையும் வைத்து அடக்கம் செய்வது வழக்கம், ஆனால் அந்தக் குழியின் சிலுவையில் பெயர் எழுத மாட்டார்கள், பெயரில்லாத குழிக்குக் கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றவும் மாட்டார்கள். ஊரே விளக்காக நிற்கிற அந்த நாளில் பிரகாசியின் புருஷன் மட்டும் இருட்டில் கிடப்பான். அவளுக்கு அவன் செத்ததைவிட இது பெரிய நோவாக இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களில் இங்கிரிட் என்கிற வெள்ளைக்காரப் பெண்ணும் ஒருத்தி. ரொமால்ட் வீட்டில் தங்கி அலை ஓட்டியவள், நல்ல மனசுக்காரி, காட்டுப்பூவைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவள் பேசுவதைப் பங்குச்சாமியார் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ரொம்ப வருத்தப்படுதா. ஒனக்க வீட்டுக்காரர அவ ஒரு தடவ பாத்திருக்காளாம். அந்தக் காலைலதான். வெளிப்பார் அலைக்கு ரொமால்டு போட்டுல கூட்டிட்டுப் போனப்ப, தூரத்துல ஒரு வள்ளத்து மேல இருந்து துடுப்புல செவப்புத் துணியக் கட்டி ஆட்டினாராம். இது என்னதுன்னு இவ கேட்டதுக்கு, வந்தவங்களுக்கு வணக்கம் சொல்லுதான்னு ரொமால்டு சொன்னானாம். இவங்களும் சந்தோசமா திருப்பிக் கை..."

சாமியார் அதோடு நிறுத்திக்கொண்டார். இங்கிரிட் மட்டும், யாருக்கும் புரியவில்லையோ என்று நினைத்து, கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள்.

வெளிப்பார் என்பது வெளிக்கடலில் முங்கிக் கிடக்கிற பாறைத்திட்டு, அங்கே அலை தண்ணீர் வற்றுகிற கொஞ்ச நேரத்துக்குத்தான் எழும், அதைத் தவறவிட்டால் அன்றைக்கு வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், அதற்காகத்தான் ரொமால்ட் போட்டைத் திருப்பவில்லை. இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். போலீஸ்காரர்கள் இதற்கெல்லாம் கேஸ் கிடையாது என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் ரொமால்ட் கோயில் படியைத் தொட்டு, தான் எந்தத் துணியையும் காணவில்லை, பாஷை தெரியாதவள் பறவையைப் பார்த்து உளறுகிறாள் என்று சத்தியம் செய்தான். இங்கிரிட் அதற்குள் தன் நாட்டுக்குப் போயிருந்தாள். அவனால் பிழைத்த பாதி ஊர் தரையைப் பார்த்தது, மீதிப் பாதி அந்தப் பாதியைப் பார்த்தது, கூட்டம் கலைந்தது. எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் சோறு போடுகிறவன் மேல் பழி என்றால் நல்லவனுக்கும் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

அந்தச் சாயங்காலம்தான் பிரகாசி கடலோரத்தில் நின்ற ரொமால்டின் முன்னால் போய், ஈர மண்ணை இரண்டு கையாலும் வாரி அவன் நெஞ்சில் தூற்றினாள்.

"எலே ரொமால்டு, கடல் ஒன்னத் தொடாம போவட்டு. ஒரு சொட்டு ஒனக்க மேல படாம போவட்டு. எனக்க வயிறு எரியியது உண்மைன்னா, இந்தக் கடல் ஒன்னக் கண்டா ஒதுங்கிப் போவட்டு."

அப்போது ஏறி வந்த அலை அவன் காலடிக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் போய், பின்னால் சேர்ந்துகொண்டது. அவன் நின்ற இடம் களத்து மண் மாதிரி காய்ந்து கிடந்தது. அவன் இரண்டடி உள்ளே போனான், கடல் இரண்டடி விலகியது. ஓடினான், அதுவும் ஓடியது. கரையில் நின்றவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நியாயம்தான் என்று சொல்லி வீட்டுக்குப் போனார்கள்.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் நாசமாய்ப் போ, கட்டையில் போ என்று சபித்திருப்பாள், காரியம் அத்தோடு முடிந்திருக்கும். பிரகாசி கடற்காரி. கடலில் சாவது அவர்களுக்குச் சாவு மட்டும்தான், அப்பன் பாட்டன் எல்லாரும் செத்த சாவு. கடல் கைவிட்டவனாக உயிரோடு கிடப்பதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அதனால் இருப்பதிலேயே கொடிய தண்டனையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கொடுத்து முடித்த பிறகுதான், கடல் தொடாதவனைக் கடல் கொல்லவும் முடியாது என்பது அவளுக்கு உறைத்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான் நடந்தது. ரொமால்ட் கொஞ்ச நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். பிறகு பாறையில் சிக்கிய வலையை எடுத்துத் தர முடியுமா என்று ஒருவர் வந்து கூப்பிட்டார். அவன் கடலுக்குள் நடந்தான், தண்ணீர் அவனைச் சுற்றிச் சுவராக எழுந்து நிற்க, கிணற்றுக்குள் இறங்கியவன் மாதிரி அடியில் உட்கார்ந்து, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, நிதானமாக வலையைப் பிரித்து எடுத்து வந்தான். அதன்பின் அறுந்த நங்கூரத்துக்கும் விழுந்த எஞ்சினுக்கும் கல்யாணப் பெண்ணின் நழுவிய சங்கிலிக்கும் ஊர் அவனைத் தேடியது. வந்து தங்கியவர்கள், அவன் தோளைப் பிடித்தபடி போனால் தங்களுக்கும் கால் நனையாது என்று கண்டுபிடித்தார்கள். பலகையை விட்டுவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விளையாட்டுப் பிள்ளைகள் மாதிரி கடலடியில் நடந்துபோய், இரண்டு பக்கமும் மீன் நின்று வேடிக்கை பார்க்கப் படமெடுத்துக்கொண்டு வந்தார்கள். டீக்கடை மூன்றாகப் பெருகியது, காட்டுப்பாதைக்குப் படி கட்டினார்கள், கல்லருவிக்கு ஜீப் விட்டார்கள். கோயில் கமிட்டி கூடி, அவனுக்குத் தீர்த்தம் தெளிக்கலாமா என்று யோசித்து, தீர்த்தம் கிணற்றுத் தண்ணீர்தானே, தெளிக்கலாம் என்று முடிவு செய்து, திருவிழாவுக்கு அவனையே தலைவனாகவும் வைத்தது. கிழவிகள் பெயரன்களைக் கூட்டிவந்து அவன் கையால் நெற்றியில் சிலுவை போடச் சொன்னார்கள், கடல் காவு கேட்காதாம்.

"ஒனக்க வாக்கு பலிச்ச வாக்குளா பிரகாசி, ஊரே நல்லாயிருக்கு" என்று ஒருத்தி மீன் சந்தையில் வெகுளியாகச் சொன்னபோது, பிரகாசிக்குக் கையிலிருந்த அரிவாள்மணையை என்ன செய்வது என்று தெரியவில்லை. வெந்த புண்ணில் வேலைச் செருகுவதற்குப் பகையாளி வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரி போதும். என் புருஷன் செத்ததால் இவன் கெட்டான் என்று இருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள், என் புருஷன் செத்ததால் இவன் வாழ்ந்தான் என்று ஆகிவிட்டது. அவளுக்கு இரண்டே இரண்டு ஆசை மிஞ்சியிருந்தது. எஸ்தாக்கியைப் பெயரோடு புதைக்க வேண்டும், ரொமால்ட் அதே கடலில் மூச்சு முட்டிச் சாக வேண்டும். ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அவள் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள், மாதாவிடம் கேட்கக்கூடாததைக் கேட்கிறோம் என்ற கூச்சமும் அவளுக்கு இல்லை.

ஆனால் அவள் கொடுத்த தண்டனை பொய்யில்லை, மெல்ல மெல்ல வேலை செய்தது. கடலிலிருந்து வந்த உப்பும் ரொமால்டை அண்டவில்லை. கஞ்சியில் எவ்வளவு போட்டாலும் அவன் நாக்குக்கு ஒன்றும் எட்டாமல் சப்பென்று இருந்தது. பலகையை ஏக்கத்தோடு கொண்டுபோய் வைப்பான், கீழிருந்த தண்ணீர் விலக அது மணலில் டொப்பென்று விழும். அவனிடம் பலகை பிடிக்கக் கற்ற நண்டும் சிண்டும் அலைமேல் பறக்கும்போது, அவன் கரையில் நின்று எச்சில் விழுங்குவான். தினமும் காட்டுக்குள் ஏறிப்போய்க் கல்லருவியின் கீழே மணிக்கணக்காக நிற்பான், நல்ல தண்ணீர் உடம்பை நனைத்தது, ஆனால் அதற்கு உப்பும் இல்லை, இழுப்பும் இல்லை, அவனைத் தெரியவும் இல்லை. ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடக் கொண்டாட, அவன் உள்ளே காய்ந்து சுக்கானான்.

கடைசியில் சாமியாரைக் கூட்டிக்கொண்டு பிரகாசியின் வாசலுக்கு வந்தான்.

"மன்னிச்சிரு மைனி" என்றான். "எனக்கு இந்தப் பவுசு ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒருக்க கடல்ல முங்கணும். ஒருக்க முங்கிட்டா அதுக்குப் பொறவு சாவு வந்தாலும் சரி."

"மன்னிக்கணும் மக்களே" என்றார் சாமியார். "பகைய வச்சிட்டு இருக்கியது ஒனக்கே நோவு. மனசு வச்சு ஒரு வார்த்த சொல்லு, அவனுக்கும் விடுதல, ஒனக்கும் விடுதல."

பிரகாசி மீன் செதிலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மன்னிக்கேன் சாமி. எனக்க ஆளு மொதல்ல வரட்டு."

"கடல்ல எங்கன்னு தேடுவேன் மைனி?" என்றான் ரொமால்ட்.

"நீ கண்ட எடத்துல தேடு."

அவன் சாமியாரைப் பார்த்தான், சாமியார் வேலியைப் பார்த்தார். அந்த இடம் எது என்று தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருத்தன்தான், அங்கே போவது என்றால் கோயில் படியைத் தொட்டுச் செய்த சத்தியத்தைத் தன் காலாலேயே மிதித்துக்கொண்டு போவது.

"வெளிப்பாருக்குத் தெக்க" என்றான் பிறகு. "ரெட்டப் பாறை இருக்குல்லா, அதுக்கு அந்தாண்ட. இடுப்புல கட்டுன செவப்புக் கட்டம் போட்ட சாரம். கண்டேன் மைனி. நல்லாவே கண்டேன்."

பிரகாசி அழவில்லை. அவளுக்கு அந்த நிமிஷம் வந்தது வெறும் கோபம், சுத்தமான, தண்ணீர் கலக்காத கோபம். "அப்ப நாளைக்குக் காலைல போவோம்" என்றாள்.

பெண்கள் வள்ளத்தில் ஏறக்கூடாது என்பதும் அந்தக் கரையின் வழக்கம்தான். ஆனால் ஒருவனைக் கண்டு கடலே ஒதுங்குவதைப் பார்த்துப் பழகிய ஊருக்கு, பிரகாசி வள்ளத்தில் ஏறியது பெரிதாகப் படவில்லை. அவளுடைய அண்ணன் சில்வெஸ்டர் எஞ்சினைப் பிடித்தான். ரொமால்ட் கரையிலிருந்து கடலுக்குள் நடந்தான். அவன் தலைக்கு மேல் தண்ணீர் ஏற ஏற, அவனைச் சுற்றி வட்டமான ஒரு கிணறு நகர்ந்து போனது, அதன் விளிம்பை ஒட்டி வள்ளம் போனது. பிரகாசி குனிந்து பார்த்தபடி இருந்தாள். உள்ளே அவன் பாசி வழுக்காமல், சேறு ஒட்டாமல், சந்தைக்குப் போகிறவன் மாதிரி முன்னே முன்னே போய்க்கொண்டிருந்தான். கீழே போகப் போக ஆள் சின்னவனாகிக்கொண்டே வந்தான். இரட்டைப் பாறையைத் தாண்டியபோது கிணறு ஒரு தென்னைக்கு மேல் ஆழமாக இருந்தது, அடியில் அவன் ஒரு விரல் அளவு தெரிந்தான்.

அங்கே நின்றான். பாறை இடுக்கில் கையை விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க இருக்காவ மைனி" என்ற குரல் கிணற்றுச் சுவரில் முட்டி மேலே வந்தது.

கயிற்றில் சாக்கைக் கட்டி இறக்கினார்கள். அவன் பதனமாக, ஒன்று விடாமல் பொறுக்கி, சாக்கின் வாயைக் கட்டி, கயிற்றை இரண்டு தடவை சுண்டினான். அந்தப் பதனத்தை நான் மறைக்கப் போவதில்லை. சில்வெஸ்டரும் பிரகாசியும் சேர்ந்து இழுத்தார்கள். அவள் சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். எலும்போடு எலும்பாக, கல்யாணத்தன்று அவளே அவன் கழுத்தில் போட்ட, மாதா படம் தைத்த உத்தரியம் நைந்துபோய்ச் சுற்றிக் கிடந்தது. அவ்வளவு பெரிய மனுஷன், ஒரு சாக்குக்குள் அடங்கிவிட்டான். மடியில் வைத்தால் பிள்ளை கனம்கூட இல்லை. "வந்திட்டீயளா" என்று மட்டும் கேட்டாள்.

"மைனி" என்று அடியிலிருந்து ரொமால்ட் கூப்பிட்டான். "நான் சொன்னத செஞ்சிட்டேன். கரைக்கு வந்ததும் மன்னிப்பியா?"

"கரைக்கு எதுக்குலே போவணும்?" என்றாள் பிரகாசி.

சில்வெஸ்டர் தங்கையின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, வள்ளத்தின் மூக்கைக் கரைப்பக்கம் திருப்பி, எஞ்சினை அதட்டிப் பிடித்துக்கொண்டான். அவள் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, கீழே போய்ச் சேரும்படி நிதானமாகச் சொன்னாள்.

"ரொமால்டு, நான் மனசறிஞ்சு சொல்லுதேன். ஒன்ன மன்னிச்சாச்சு. ஒனக்கும் எனக்கும் இனி ஒரு பகையும் இல்ல."

முதலில் அவன் பாதத்தில்தான் தண்ணீர் வந்தது. மெல்லிசாக, நாய்க்குட்டி நக்குவது மாதிரி. அவன் குனிந்து அதைப் பார்த்தான், இரண்டு கையாலும் அள்ளினான், முகத்தில் அடித்துக்கொண்டான், வாயில் விட்டுக்கொண்டான், அந்த உப்பு நாக்கில் பட்டதும் சத்தம் போட்டுச் சிரித்தான். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பைப் பிரகாசி அவனிடம் அதற்கு முன் கேட்டதில்லை. சிரித்தபடியே நன்றி சொல்ல நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு சுற்றிலும் நிற்கிற சுவரைப் பார்த்தான். அதற்குள் நான்கு பக்கமும் கடல் இடிந்து விழுந்தது. எவ்வளவு நீச்சல் தெரிந்திருந்தாலும், வீட்டுச் சுவர் மேலே விழும்போது நீச்சல் எதற்கு ஆகும்? வள்ளம் ஒரு சுற்றுச் சுற்றி, ஒருச்சாய்ந்து, நிமிர்ந்தது. பிரகாசி சாக்கை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"என்ன சொன்னே பிள்ளே?" என்றான் சில்வெஸ்டர், தண்ணீர் அடங்கிய பிறகு.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்."

"எஞ்சின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டு அவன் வள்ளத்தை விட்டான்.

கரையில் கேட்டவர்களிடமும் அவன் அதையேதான் சொன்னான். ஊருக்கு விளங்காமல் இல்லை. டீக்கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஜீப்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான், அதிசயம் போனது என்று தெரிந்து தங்கியிருந்தவர்கள் பையைக் கட்டினார்கள். ஆனாலும் பிரகாசியைப் பார்த்து ஒரு சொல் கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. மன்னிக்காதவளைக் குறை சொல்லலாம், மன்னித்தவளை என்ன சொல்வது? ரொமால்டின் உடலை இரண்டாம் நாள் கடல் தானாகவே கொண்டுவந்து கரையில் கிடத்தியது, மேலெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

எஸ்தாக்கியின் அடக்கப் பூசைக்கு ஊரே வந்தது. பெயர் எழுதிய சிலுவை பீடத்தின் அருகே சாய்த்து வைத்திருந்தது. சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைக்க எழுந்தவர், முன்வரிசையைப் பார்த்துவிட்டு, உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசி உட்கார்ந்துகொண்டார். பிறகு எல்லாரும் எழுந்து நின்று பரலோக மந்திரம் சொன்னார்கள். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்று மன்னிப்புக் கேட்கிற வரி வந்தபோது ஊர் முழுவதற்கும் குரல் இறங்கி, சாமியாருக்கே தேய்ந்து போனது. பிரகாசி மட்டும் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, கோயிலின் கடைசிவரைக்கும் கேட்கும்படி, அந்த வரியை முழுசாகச் சொல்லி முடித்தாள்.